வாழைக்காய் ஆன வஞ்சிரம்

‘வெண்முத்து’ வார இதழின் விருந்து மலருக்குப் படப்பொறுப்பு முழுவதும் இனி ஞானசெல்வியுடையது என்று ஆறுமுகநயினார் ஆபீசில் எல்லோர் முன்னாலும் அறிவித்தபோது, இரண்டு பேர் வாய்விட்டே சிரித்தார்கள். மற்றவர்கள் மரியாதைக்கு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அவர்கள் சிரித்ததில் ஆச்சரியமில்லை. எழும்பூர் ஓவியப் பள்ளியில் படித்துத் தேறி வந்தவள்தான் என்றாலும், ராயபுரத்து ஆபீசில் அதுவரை அவளுக்குக் கிடைத்த வேலை கதைகளுக்கு மேலே பூங்கொடி வரைவது, சோப்பு விளம்பரத்துக்குக் கை மட்டும் வரைவது, பொங்கல் இதழுக்குக் கோலம் போடுவது, இவ்வளவுதான். ஒரு மலர் முழுவதையும் ஒரு பெண்பிள்ளையிடம் கொடுப்பதாவது!

ஆனால் நயினாருக்கு அப்போது உற்சாகம் தலைக்கேறியிருந்தது. அரிசிக்கு ரேஷன் நீங்கிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கார்டும் பையுமாக க்யூவில் நின்று அலுத்த சனங்கள் இஷ்டப்பட்ட கடையில் இஷ்டப்பட்ட அரிசியை வாங்கிப் பொங்கித் தின்கிற வருஷம். இந்தத் தீபாவளிக்குக் கதையும் கட்டுரையும் எவனும்தான் போடுவான், நாம் சாப்பாட்டைப் போடுவோம் என்று அவருக்கு யோசனை உதித்துவிட்டது.

“படிக்கதுக்கு முன்னால பசிக்கணும் செல்வி” என்றார். கொத்தவால்சாவடியில் மளிகை மண்டி வைத்து, அந்த லாபத்தில் பத்திரிகை நடத்துகிற மனிதர். திருநெல்வேலிப் பேச்சு இன்னும் போகவில்லை. “எழுத்தெல்லாம் பொறவு. பக்கத்தைப் பொரட்டினா எச்சி ஊறணும். என்ன செய்வியோ, செய்யி.”

ஞானசெல்வி செய்தாள். வெற்றுத்தாளை மலர் அளவுக்கு வெட்டி மடித்துத் தைத்து ஒரு டம்மி தயாரித்தாள். எந்தப் பக்கத்தில் எந்தப் படம், தலைப்பு எங்கே, எழுத்து எங்கே வளைந்து போகவேண்டும் என்று பென்சிலால் போட்டுக்கொண்டே போனாள். மற்றப் பத்திரிகைகளில் சாப்பாடு என்றால் வெள்ளித் தட்டு, தலைவாழை இலை, ஜாங்கிரி. பக்கத்தில் சிவந்த மேனியோடு ஓர் அம்மாள். அதை மறுபடி வரைய அவளுக்குப் பிடிக்கவில்லை. அடுப்பு எரிகிற இடத்துக்கெல்லாம் நேரே போய் வரைவது என்று முடிவு கட்டினாள். துறைமுக வாசலில் கூலியாட்களுக்குக் கேழ்வரகுக் கூழ் ஊற்றுகிறவளை வரைந்தாள். பக்ரீத்துக்குத் தன் வீட்டு வாசலில் பிரியாணி தேக்சாவை இறக்கிய பக்கத்துத் தெரு தமீம் பாயை வரைந்தாள். காலடிப்பேட்டையில் தன் அப்பா கருப்பட்டிக் கடையில் அடுக்கிவைத்த கருப்பட்டிச் சிப்பத்தை வரைந்து, அதைச் சுற்றிப் பணியாரக் குறிப்பு ஓடும்படி இடம் விட்டாள். தலைப்புகளுக்கு அச்செழுத்து வேண்டாம் என்று எல்லாவற்றையும் தன் கையாலேயே தூரிகையில் எழுதினாள். அட்டைக்கு மட்டும் ஒரு வட்டத்தைப் போட்டு ‘மீன் குழம்பு’ என்று குறித்து வைத்தாள்.

டம்மியை நயினார் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். அட்டையையும் பார்த்தார். “பேஷ்” என்றார். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அவள் எண்ணூர் முகத்துவாரக்குப்பத்துக்குப் போனாள்.

பவுனம்மாள் அந்தக் குப்பத்துக்காரி. புருஷன் கட்டுமரம் ஓட்டுகிறவன். விடிந்ததும் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு திருவொற்றியூர் மார்க்கெட், காலடிப்பேட்டைத் தெருக்கள் என்று விற்றுக்கொண்டு வருவாள். அவள் குரல் வந்து சேர்ந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவள் வருவாள். நல்ல கறுப்பு. எண்ணெய் தடவின கருங்கல் சிலையைப் போல ஒரு மினுமினுப்பு. மேல்வாயில் ஒரு பல் கொஞ்சம் முன்னால் வந்திருக்கும். அது சிரிக்கும்போது அவளுக்குத் தனி அழகு. ஞானசெல்வி பலநாள் அவளிடம் மீன் வாங்குகிற சாக்கில் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

“என்னியவா? புக்கு அட்டையிலயா?” பவுனம்மாள் கூடையை இறக்கிவைத்துவிட்டே கேட்டாள். “அட போ பாப்பா. செவப்பா, ஷோக்கா எத்தினி பேரு கீறாங்க.”

“எனக்கு நீங்கதான் வேணும்க்கா. நீங்க கொழம்பு வைக்கிற மாதிரி.”

“நெசமாத்தான் சொல்றியா?”

“சத்தியமா.”

பவுனம்மாள் யோசித்தாள். பிறகு விரலை நீட்டினாள். “போடறதுன்னா என்னிய நானாவே போடணும். பவுடர் கிவுடர் பூசி டபாய்ச்சேன்னு வெச்சிக்கோ, நான் சொம்மா இருக்கமாட்டேன், ஆமா.”

“உங்களை உங்களாத்தான் போடுவேன்.”

சொன்ன நாளில் பவுனம்மாள் விற்பதற்கென்று வந்த வஞ்சிரத்தில் நல்லதாக ஒன்றை விற்காமல் எடுத்து வைத்திருந்தாள். குடிசைக்கு வெளியே, கழிமுகத்தைப் பார்த்தாற்போல, கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினாள். மீனை வட்டம் வட்டமாக நறுக்கித் தட்டில் அடுக்கினாள். தலையை அப்படியே ஓரத்தில் வைத்தாள். புளியைக் கரைத்து ஊற்றியதும் குப்பமே கூடிவிட்டது. காற்று மாறி மாறி அடித்துப் புகை முகத்தில் மோதியது. ஒரு கையால் துழாவிக்கொண்டு மறுகையைப் புகைக்குக் குறுக்கே பிடித்தபடி பவுனம்மாள் அசையாமல் உட்கார்ந்தாள். கண்ணில் நீர் வழிந்தது. “எழுந்துக்கவா பாப்பா?” என்று கேட்பாள், “இன்னும் கொஞ்சம்க்கா” என்றதும் மறுபடி உட்காருவாள். வேடிக்கை பார்க்க நெருங்கினவர்களை மட்டும் உட்கார்ந்த இடத்திலிருந்தே வைது விரட்டினாள்.

அன்றைக்கு வரைந்ததைப் போல அதற்கு முன்பு ஞானசெல்வி வரைந்ததில்லை. வேர்வையில் பளபளத்த கரிய முகம், புகைக்கு இடுக்கின கண், முன்னால் வந்த அந்தப் பல், தட்டில் வாயைத் திறந்துகொண்டிருந்த வஞ்சிரத் தலை, பின்னால் சாம்பல் நிறத்தில் கடலும் முகத்துவாரமும். குழம்பை எல்லோருமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். படத்தைப் பார்த்த பவுனம்மாள் முன்னால் வந்த தன் பல்லை விரலால் தொட்டுப் பார்த்தாள். “நான்தான்” என்றாள் கடைசியில். அடுத்த நாளிலிருந்து திருவொற்றியூர் மார்க்கெட்டில் அவளிடம் மீன் வாங்கின அத்தனை பேருக்கும், வாங்காத அத்தனை பேருக்கும், தீபாவளிக்குத் தன் மூஞ்சி புத்தகத்தில் வரப்போகிற சேதி தெரிந்துவிட்டது.

படம் நயினார் கைக்குப் போயிற்று. அங்கிருந்து அச்சுக்கான மூவர்ண உலோக பிளாக் செய்கிற கம்பெனிக்குப் போயிற்று. திரும்பி வந்த புரூஃபை ஞானசெல்வி பார்த்தபோது, வேறு யாருடைய படமோ தவறிப்போய்த் தன் மேஜைக்கு வந்துவிட்டது என்றுதான் நினைத்தாள்.

அடுப்பு இருந்தது. துழாவுகிற கை இருந்தது. அந்தக் கை சந்தன நிறமாக இருந்தது. முகமும் அப்படியே. இடுக்கின கண்ணை அகல விரித்து மையிட்டிருந்தார்கள். பல்லை உள்ளே தள்ளி உதட்டை மூடியிருந்தார்கள். காதில் வைரத்தோடு. நெற்றியில் சந்திரன் மாதிரிக் குங்குமம். கடலை அழித்துச் சுவரெழுப்பி அதில் பிள்ளையார் படம் மாட்டியிருந்தார்கள். தட்டில் நடு முள்ளோடு வட்டம் வட்டமாக இருந்த வஞ்சிரத் துண்டங்கள் பச்சை விளிம்பு கட்டி வாழைக்காய்த் துண்டங்களாகியிருந்தன. மீன் தலை பூசணிக்கீற்றாகியிருந்தது. அதைச் செய்தவன் அவசரக்காரன் போலிருக்கிறது. பூசணிக்கீற்றில் ஒரு கண் பாக்கியிருந்தது. ஓரத்தில் ‘செல்வி’ என்று அவளுடைய கையெழுத்தை மட்டும் தொடவில்லை.

புரூஃபை எடுத்துக்கொண்டு நேரே நயினார் அறைக்குள் போனாள். கதவைத் தட்டவுமில்லை.

“அண்ணாச்சி, இது யாரு?”

“நல்லா இருக்காள்லா? மகாலச்சுமி மாதிரி.”

“நான் வரைஞ்சது பவுனக்காவை.”

“நீ வரைஞ்சது நல்லா இல்லேன்னு யாரும்மா சொன்னா? இப்பிடி உக்காரு, சொல்லுதேன்.” அவர் குரலை இறக்கினார். “மலரு புரட்டாசி முடியதுக்குள்ள கடைக்குப் போயிரும். வெரதம் இருக்க வீட்டுல வாங்குவாக. சாமி படத்துக்குப் பக்கத்துல வைப்பாக. அதுல போயி மீன் தலை வாயைப் பொளந்துக்கிட்டு இருந்தா வெளங்குமா?”

“டம்மியைப் பாத்து பேஷ்னு சொன்னீங்களே?”

“அப்பம் பின்னட்டைக்கு விளம்பரம் வரலை. இப்பம் கனகதாரா வனஸ்பதிக்காரன் வந்திருக்கான். அவுக ஏஜெண்டு ராமசுப்பு உன் படத்தைப் பாத்து மூக்கைப் பொத்திக்கிட்டாரு. எங்க நெய் டின்னு பின்னால, கவுச்சி முன்னாலயாங்காரு.”

“நீங்க மீன் சாப்பிட மாட்டீங்களா அண்ணாச்சி? ஞாயித்துக்கிழமையானா பவுனக்கா கூடை உங்க வீட்டுப் பின்வாசல்லதானே முதல்ல இறங்குது?”

நயினார் வாசல் பக்கம் ஒருதரம் பார்த்துக்கொண்டார். “திங்கது வேற. அட்டையில போடுதது வேற.”

“சரி. மீன்தான் விரதத்துக்கு ஆகாது. கறுப்பும் ஆகாதா?”

நயினார் மேஜைமேல் எதிரிலேயே கிடந்த மூக்குக்கண்ணாடியைத் தேட ஆரம்பித்தார்.

அசல் ஓவியத்தைக் கொடுங்கள் என்று கேட்டாள். அது அலமாரியில் இருந்தது. பிளாக் கம்பெனிக்காரர்கள் அதன் மேலேயே வண்ணம் அப்பித் திருத்தியிருந்தார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தாள். சந்தன நிறத்துக்கு அடியில் பழைய முகத்தின் மேடு பள்ளம் கொஞ்சம் தெரிந்தது. சுரண்டினால் இரண்டும் சேர்ந்து வந்துவிடும்.

“என் பேரையாவது எடுத்துடுங்க.”

“அந்தப் பொடி எழுத்தை யாரு பாக்கப்போறா? போம்மா, போயி மத்த பக்கத்தைப் பாரு.”

அவள் மெஷின் ரூமுக்குப் போனாள். மெஷின் ஓட்டுகிற எத்திராஜிடம் உளி ஒன்றைக் கேட்டு வாங்கினாள். அவன் என்ன ஏது என்று கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தே கொடுத்துவிட்டான். பிளாக்கில் தன் பெயர் இருந்த மூலையைப் பிசிறு பிசிறாகச் சுரண்டி எடுத்தாள். அச்சில் அந்த இடம் மட்டும் வெள்ளையாக, அம்மைத் தழும்பு மாதிரி விழுந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. தன்னால் முடிந்தது இவ்வளவுதான் என்று வீட்டுக்குப் போனாள்.

மலர் பிய்த்துக்கொண்டு போயிற்று. கடைகளில் தொங்கவிட்ட கயிற்றில் காலையில் மாட்டினது சாயங்காலம் இல்லை. அட்டையிலிருந்த அம்மாளின் திருமுகத்தைப் புகழ்ந்து வாசகர்கள் எழுதினார்கள். பூசணிக்காயின் கண்ணைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. மறுபதிப்புப் போடச் சொல்லிவிட்டார் நயினார்.

தீபாவளி கழிந்து இரண்டொரு நாளில், காலை வேளையில், பவுனம்மாள் காலடிப்பேட்டை வீட்டு வாசலில் வந்து நின்றாள். அன்று அவளுக்கு முன்னால் அவள் குரல் வரவில்லை. கூடையும் இல்லை. கையில் சுருட்டிப் பிடித்த மலர் இருந்தது.

“இன்னா இது?”

மலரை ஞானசெல்வியின் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தாள்.

“மார்க்கெட்டுல தலை காட்ட முடியல பாப்பா. ‘இன்னா பவுனு, எப்போ ஐயரூட்டு அம்மா ஆனே’ன்றான். ‘வாழக்கா எவ்ளோ’ன்னு கேக்குறான். எம்மாம்பேருகிட்ட சொல்லி வெச்சேன் தெரியுமா? நான் பொய்யி சொல்லிகினு திரியறவளாப் பூட்டேன்.”

“அக்கா, நான் வரைஞ்சதை அவங்க மாத்திட்டாங்க. எங்கிட்டக் கேக்கவே இல்லை. நான் சண்டை போட்டேன்.”

“போட்டு?”

“கேக்கலை. அதனால என் பேரைச் சுரண்டி எடுத்துட்டேன். இதோ பாருங்க” என்று அட்டையின் மூலையைக் காட்டினாள்.

பவுனம்மாள் அந்த வெள்ளைத் தழும்பை உற்றுப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

“ஒன் பேர மட்டும் பத்திரமா எடுத்துகினே. என் மூஞ்சிக்கு இன்னா பண்ணே?”

உள்ளேயிருந்து எட்டிப்பார்த்த அம்மா தங்கபுஷ்பம், “காலங்காத்தால வந்து என்ன சத்தம்?” என்று ஆரம்பித்தாள். “நீங்க உள்ள போங்கம்மா” என்று ஞானசெல்வி அதட்டினாள். அம்மாவை அவள் அப்படி அதட்டினதே இல்லை. காது மடல் வரைக்கும் சுட்டது. பவுனம்மாள் கேட்டதில் ஒரு வார்த்தையைக்கூட இல்லை என்று சொல்ல முடியாது. அதுதான் அவளை அதிகமாகச் சுட்டது.

“வாங்கக்கா” என்றாள், செருப்பை மாட்டிக்கொண்டு. “ஆபீசுக்குப் போவோம்.”

“நீ கூப்டாட்டியும் அங்கதான் போவேன்.”

பஸ் பிடித்தார்கள். ராயபுரத்தில் இறங்கி ஆபீஸ் படியேறியபோது நயினாரின் அறையில் ராமசுப்பு உட்கார்ந்திருந்தார். வெள்ளை வெளேரென்று ஜிப்பா, கையில் வெற்றிலைப் பெட்டி. அடுத்த வருஷத்துப் பின்னட்டையைப் பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

பவுனம்மாள் மேஜைமேல் மலரைப் போட்டு விரலை அட்டைமேல் ஊன்றினாள். “இவ யாரு மொதலாளி?”

நயினாருக்கு அவளை அடையாளம் தெரியாமல் என்ன? வாராவாரம் வருகிறவள். ஆனால் ஏஜெண்டு முன்னால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. “என்ன விஷயம்மா?”

“இவ பேரு இன்னா? எந்தக் குப்பம்? எங்க மீன் விக்கிறா? சொல்லு.”

ராமசுப்பு கருணையோடு சிரித்தார். “இது கற்பனைச் சித்திரம் அம்மா. அப்படி யாரும் கிடையாது.”

“கற்பனைக்கா நான் பொகையில குந்திகினு இருந்தேன்? கற்பனைக்கா என் கண்ணு ரெண்டும் வீங்கிப் போச்சி? அந்த வஞ்சிரமும் கற்பனையா? எங்க அது? எடு. என் வஞ்சிரத்த எடுத்து வெய்யி!”

“வஞ்சிரமா?” என்றார் ராமசுப்பு.

“இந்தா கீது பாரு கண்ணு! இன்னும் முழிச்சிகினு கீது. பூசணிக்காய்க்கு ஏதுய்யா கண்ணு?”

ராமசுப்பு குனிந்து பார்த்தார். அப்போதுதான் அவரும் அதைக் கவனித்தார் போலிருக்கிறது. நயினார் எழுந்துவிட்டார்.

“இந்தா தாயி, கோவப்படாத. மலரு அஞ்சாறு காப்பி தரச் சொல்லுதேன். வீட்டுக்குக் கொண்டு போ.”

“எனுக்கு இன்னாத்துக்கு? மீன் மடிக்கக்கூட ஆவாது இது. வழவழன்னு கீது.”

சத்தம் கேட்டு மெஷின் ரூமிலிருந்து எத்திராஜ் வந்து வாசலில் நின்றான். கையில் மை தடவுகிற தட்டு. பவுனம்மாள் அவன் பக்கம் திரும்பினாள். தட்டில் கட்டைவிரலை அழுத்தித் தேய்த்தாள். என்ன செய்கிறாள் என்று யாரும் யோசிப்பதற்குள், அட்டையிலிருந்த சந்தன முகத்தின் மேல் அந்த விரலை வைத்து நெற்றி முதல் மோவாய் வரை ஒரே இழுப்பாக இழுத்தாள்.

“இப்போ கொஞ்சம் என் ஜாடை கீது” என்றாள்.

ராமசுப்புவின் ஜிப்பாவில் ஒரு பொட்டு மை தெறித்துவிட்டது. அவர் துள்ளி எழுந்தார். “என்ன அநியாயம் நயினார் இது! ஆபீசா, மீன் மார்க்கெட்டா?” நயினார் அவரைச் சமாதானப்படுத்திக் காருக்கு அழைத்துக்கொண்டு போனார். போகிறபோது ஞானசெல்வியைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். “இவளை அனுப்பிட்டு வேலையைப் பாரு. சாப்பிட்டு வந்து உன்கிட்டப் பேசுதேன்.”

கார் போகிற சத்தம் கேட்டது. ஞானசெல்வி மேஜைமேல் கிடந்த அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பவுனம்மாளின் விரல் இழுத்த இடத்தில் மை மெல்லியதாகப் படிந்து, அடியில் அச்சாகியிருந்த கண்ணும் மூக்கும் அழியாமல் கரும்பழுப்பாகத் தெரிந்தன. நிறம் மட்டும் மாறியிருந்தது.

“எத்திராஜண்ணே, மறுபதிப்பு அட்டை எங்க இருக்கு?”

“அச்சாயி அடுக்கி வெச்சிகீது. தைக்கல இன்னும்.”

“திருவொத்தியூர், எண்ணூர்க் கட்டு எது?”

எத்திராஜுக்குப் புரிந்துவிட்டது. அவன் தலையைச் சொறிந்தான். “வேலை பூடும் செல்விம்மா.”

“நான் சொன்னேன்னு சொல்லுங்க. முதலாளிகிட்ட அனுமதி வாங்கிட்டேன்னு நான் உங்ககிட்டச் சொன்னேன். அப்படியே சொல்லுங்க.”

அவன் ஒரு நிமிஷம் நின்றான். எத்திராஜும் திருவொற்றியூர்க்காரன்தான். “மையி எந்தக் கலரு வோணும்?” என்றான்.

தடித்த அட்டை ஒன்றை எடுத்து, முகமும் கழுத்தும் கைகளும் வருகிற இடத்தை மட்டும் கத்தியால் வெட்டி எடுத்தாள். இன்னொன்றில் மீன் தலையை வெட்டினாள். அச்சான மலர் அட்டைமேல் இதை வைத்து, துணியைப் பந்தாகச் சுருட்டி மையில் தோய்த்து ஒற்றினால், வெட்டின இடத்தில் மட்டும் மை ஏறும். பழுப்பும் கறுப்பும் கலந்து எத்திராஜ் மை குழைத்தான். ஞானசெல்வி முகத்தை ஒற்றினாள். எத்திராஜ் பூசணிக்கீற்றின் மேல் மீன் தலையை ஒற்றினான். ஏற்கெனவே அங்கிருந்த கண் கச்சிதமாக மீனுக்குப் பொருந்தியது. பவுனம்மாள் ஈர அட்டைகளை ஒவ்வொன்றாக வாங்கி, கருவாடு காயப்போடுகிற மாதிரி, தரையெல்லாம் பரப்பினாள்.

“தோட்டையும் மறைச்சுடவாக்கா?”

பவுனம்மாள் அட்டையைத் தூக்கிப் பார்த்தாள். “தோடு இருக்கட்டும். அது நல்லாத்தான் கீது.”

பல்லை மட்டும் ஞானசெல்வி தூரிகையால் ஒவ்வோர் அட்டையிலும் தனித்தனியாகப் போட்டாள். சிலதில் அது கொஞ்சம் பெரிதாகிவிட்டது. சிலதில் மை கசிந்து பின்னட்டை வனஸ்பதி டின்மேல் விரல்ரேகை பதிந்தது. எல்லாவற்றையும் செய்து முடிக்க முடியவில்லை. அந்த ஒரு கட்டுக்குத்தான் நேரமிருந்தது. மற்ற ஊர்களுக்குப் போகிற கட்டுகளெல்லாம் சந்தன முகத்தோடேயே சுவரோரம் அடுக்கிக் கிடந்தன. நயினார் அன்று சாப்பிடப் போனவர் திரும்பவில்லை. ஏஜெண்டோடு கொத்தவால்சாவடிக்குப் போய்விட்டதாக ஆள் வந்து சொன்னான். மை காய்ந்ததும் எத்திராஜ் அட்டைகளைத் தையலுக்குப் போட்டான். காலையில் கட்டு வண்டியேறிவிட்டது.

விஷயம் நயினார் காதுக்கு எட்ட வெகுநேரம் ஆகவில்லை. திருவொற்றியூர்க் கடைக்காரன் பாதியைத் திருப்பி அனுப்பிவிட்டான்: அட்டை மை பட்டுப் பாழாகிவிட்டது, வாடிக்கைக்காரர்கள் கேட்கிற மகாலட்சுமி அட்டையை அனுப்பவும் என்று. மீதிப் பாதி வந்த அன்றே விற்றுப்போயிருந்தது. முகத்துவாரக்குப்பத்தில் எழுத்துத் தெரியாத வீடுகள்கூட வாங்கின. “மீன் புக்கு இன்னும் வருமா?” என்று கடையில் கேட்டார்களாம். கடைக்காரன் அதையும் எழுதியனுப்பியிருந்தான். நயினார் அதைப் படித்துக் காட்டவில்லை. எத்திராஜ்தான் பிறகு சொன்னான்.

“என் பத்திரிகைக்கு மையைப் பூசிட்டியே” என்று நயினார் கத்தினார்.

“நீங்கதான் அண்ணாச்சி பூசினீங்க. அவ மூஞ்சில சந்தனத்தைப் பூசினீங்க. நான் தொடைச்சுவிட்டேன்.”

“உன்னை நம்பி மலரைக் கொடுத்தேன் பாரு!”

“உங்களை நம்பி அவ நாள் முழுக்கப் புகையில உக்காந்தா. அவளைப் பாத்தா யாருன்னே தெரியாத மாதிரி ஏஜெண்டு முன்னால நின்னீங்களே, அன்னைக்கு ராத்திரி சாப்பாடு எப்படி இறங்கிச்சு?”

அத்தோடு வேலை போயிற்று. எத்திராஜை அவர் ஒன்றும் செய்யவில்லை. செய்தால் மெஷினை யார் ஓட்டுவது? ஞானசெல்வி தூரிகைகளையும் வண்ணப்பெட்டியையும் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். முன்பு சிரித்தவர்கள் இப்போது சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு எழுதுகிற மாதிரி இருந்தார்கள். அது சிரிப்பைவிட மோசமாகப் பட்டது அவளுக்கு.

பவுனம்மாளுக்கு முழுக்கச் சமாதானம் ஆகிவிடவில்லை. நயினார் வீட்டுப் பின்வாசலில் கூடை இறக்குவதை அவள் நிறுத்திவிட்டாள். குப்பத்தில் வேறு எவளையும் இறக்கவிடவில்லை. நயினார் வீட்டம்மாள் மீனுக்குக் காசிமேட்டுக்கு ஆள் அனுப்பவேண்டி வந்தது. ஆனாலும் பேச்சு வரும்போதெல்லாம், “இங்க கொஞ்சம் பேருதான் பாப்பா என்னியப் பாத்தாங்க. மதுரையில, திர்ச்சியில எல்லாம் அந்தப் பொம்பளையத்தானே பாத்துகினு கீறாங்க?” என்பாள். “ஆமாக்கா” என்று ஒத்துக்கொள்வாள் ஞானசெல்வி. 

அப்பா கடையின் ஓர் ஓரத்தில் பலகையைப் போட்டுக்கொண்டு கடைப்பெயர்ப் பலகை, ஜவுளி லேபிள், தீப்பெட்டி லேபிள் என்று வருகிற வேலையைச் செய்தாள். மார்கழி வாக்கில் ஒரு நாள் காலையில் வாசலில் கார் வந்து நின்றது. ராமசுப்பு இறங்கினார். பழைய ஜிப்பா மாதிரியே புது ஜிப்பா. கையில் காலி வனஸ்பதி டின் ஒன்று.

“நயினார் கோபக்காரர். எனக்கு உங்கமேல கோபமில்லை” என்று ஆரம்பித்தார். “புது டின் போடுகிறோம். அந்த மலர் அட்டை முகம் இருக்கிறதே, அது சனங்களுக்குப் பழகிவிட்டது. அதையே டின்னில் போடலாம் என்று கம்பெனியில் சொல்கிறார்கள். அடிப்படை உங்கள் சித்திரம்தானே? அதே மகாலட்சுமி. அதே களை. கொஞ்சம் இன்னும் சிவப்பாக இருந்தால் தேவலை.”

கருப்பட்டி எடை போட்டுக்கொண்டிருந்த அப்பா மரியாதைக்கு எழுந்து நின்றார். ஞானசெல்வியும் எழுந்தாள். வீட்டில் அப்பா அம்மாவோடு பேசுகிற, அவர்கள் சொந்த ஊரான திருநெல்வேலிச் சீமை நாசரேத்தின் தமிழ் அவளுக்கு வாயில் வரவில்லை. ஓவியப் பள்ளியில் பழகின தமிழும் வரவில்லை. பிறந்ததிலிருந்து இந்தத் தெருவில் கேட்டுக் கேட்டு, அம்மா அடிப்பாளென்று ஒருநாளும் பேசாமல் அடக்கிவைத்த மெட்ராஸ் பாஷை மொத்தமும் ஒரேயடியாக வந்தது.

“இன்னா சொன்னே? செவப்பாவா? யோவ், அது நான் வரைஞ்ச மூஞ்சி இல்லய்யா, ஒனுக்கோசரம் அப்புன சுண்ணாம்பு! கூசாம வூடு தேடி வந்து கேக்குறியே, கஸ்மாலம்! எடு டின்ன! எட்றா!”

அப்பாவின் கையிலிருந்து எடைக்கல் கீழே விழுந்தது. அம்மா உள்ளேயிருந்து ஓடி வந்து நின்றுவிட்டாள். ராமசுப்பு பின்வாங்கினவர் டின்னை விட்டுவிட்டுக் காருக்குப் பாய்ந்தார். ஞானசெல்வி டின்னைத் தூக்கிக் கார் ஜன்னலுக்குள் எறிந்தாள். கார் கிளம்பி மெதுவாக, எதிரே வந்த மாட்டு வண்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போயிற்று. அவளுக்குச் சொல்லவேண்டியது இன்னும் பாக்கியிருந்தது. தெருமுனை வரைக்கும் காரின் பக்கத்திலேயே நடந்துபோய், எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் திரும்பினாள்.